வலியில்லாத ஒரு டேலியாப் பருவம்

டேலியாச் செடியில் ஒவ்வொரு கிளை நுனியிலும் மூன்று மொட்டுகள் சேர்ந்து வரும். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு, பக்கத்து மொட்டுகள் இரண்டையும் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் நடுமொட்டு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும். இதற்குக் கத்தரி வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்.

ஒரு டிசம்பர் காலையில் என்னுடைய அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தொடவில்லை. மொட்டைப் பிடித்தேன், அழுத்த முடியவில்லை. கிர்க்கியில் டிசம்பர் விடியல் என்றால் பேசும்போது வாயிலிருந்து புகை வரும். குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்து, தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேநீர் ஆறிப்போன பிறகும் விரல்கள் மடங்கவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் என்னால் சாக்கட்டியைப் பிடிக்க முடிந்தது.

இது நடந்தது எழுபதுகளின் நடுவில். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இப்போது அந்த எழுபதுகளும் போய், எண்பதுகளும் முடியப்போகின்றன. இதே நோயோடு காலையில் கண்விழிக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும். என்னிடம் முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் நினைக்கும் ஒன்றிரண்டு விஷயங்களை அவர்களிடம் சொல்லவே எழுதுகிறேன். ஒரு விஷயத்தை என்னிடம் சொன்னார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம். பிழைப்புக்காக மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்தோம். என் கணவர் ஞானராஜுக்குப் போசரியில் ஓர் இன்ஜினியரிங் பட்டறையில் ஃபிட்டர் வேலை. நான் கண்டோன்மெண்டில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில், இரண்டு அறையும் ஒரு நீளமான முற்றமும் உள்ள வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை.

டேலியா எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சாக்குப் பைக்குள். ஊரைவிட்டுப் போன ஒரு நண்பர் ஞானராஜிடம் கொடுத்த கிழங்குகள் அவை. நான் சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து இரண்டை வேகவைத்துத் தட்டில் வைத்தேன். ஞானராஜ் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "இது தின்கிற சாமான் இல்ல கிரேசு. பூச்செடின்னு சொல்லித்தான் குடுத்தான். நான்தான் உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார். மிச்சத்தை நட்டோம்.

அந்த முதல் வருஷம் பூத்த ஒரு கருஞ்சிவப்புப் பூ என்னை மாற்றிவிட்டது. அதன் பிறகு என் வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை. மழை ஆரம்பிக்கும்போது கிழங்கில் முளை வரும். ஆவணியில் தளிரை வெட்டி மணலில் வேர்விட வைக்க வேண்டும். மழை ஓய்ந்ததும் வேப்பம்புண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்த பாத்தியில் நட்டு, மூங்கில் குச்சி ஊன்றி, தண்டு வளர வளரச் சணலால் கட்ட வேண்டும். டேலியாத் தண்டு குழாய்போல் உள்ளே வெறுமையாக இருக்கும். பெரிய பூவின் பாரத்தில் சட்டென்று ஒடிந்துவிடும். மார்கழியில் பூக்கும். பங்குனி வெயிலில் செடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, உலர்ந்த மணலில் புதைத்து, அடுத்த மழைவரை காக்க வேண்டும். இதில் எந்த வேலைக்கும் பெரிய பலம் தேவையில்லை. எல்லாமே விரல் நுனி வேலை.

அந்த விரல் நுனிகள்தான் போயின.

அடுத்த சில வாரங்களில் இரண்டு கைகளின் முட்டிகளும் ஒரே மாதிரி வீங்கின. வலது கையில் வந்தது இடது கையிலும் வந்தது. இதைக் கவனியுங்கள். உழைப்பால் வரும் வலி பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். இது இரண்டு பக்கமும் சமமாக வருகிறது. காலையில் எழுந்ததும் உடம்பு முழுவதும் சிமெண்டில் வார்த்ததுபோல் இருந்தது. ஜாக்கெட் கொக்கியைப் போட முடியவில்லை. ஒரு நாள் ஞானராஜ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கிரேசு, இன்னும் சேலை மாத்தலையா?"

"கொக்கி மாட்ட வரல."

அவர் டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்து மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ காலைகளில் அவர் அதைச் செய்திருக்கிறார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பக்கத்து டாக்டர் சத்து ஊசி போட்டார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாழ்வாரத்தில் நீளமான மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஒருத்தி தன் கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். காற்றில் தலைப்பு விலகியபோது பார்த்தேன். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் லிமயே என் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், உடம்பில் அழற்சி இருந்தால் கூடும்) மிக அதிகமாக இருந்தது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார் (முடக்குவாதம், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய்). நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"எப்போது சரியாகும்?"

"சரியாகும் என்று சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம்." பிறகு கேட்டார்: "கையால் என்னென்ன வேலை செய்கிறீர்கள்?"

போர்டில் எழுதுவதைச் சொன்னேன். சமையலைச் சொன்னேன். டேலியாவைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"கிள்ளுவதை நிறுத்துங்கள். விரலால் செய்வதை உள்ளங்கையால் செய்யுங்கள். உள்ளங்கையால் செய்வதை முழங்கையால் செய்யுங்கள். பெரிய மூட்டுக்கு வேலை கொடுத்தால் சின்ன மூட்டு கொஞ்ச காலம் பிழைத்துக்கொள்ளும்."

எனக்குக் கிடைத்த மருத்துவ அறிவுரைகளில் இன்றுவரை பயன்படுவது இதுதான்.

ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒரு கைப்பிடி அளவுக்கு விழுங்கினேன். காதுக்குள் எந்நேரமும் ஒரு சீழ்க்கைச் சத்தம். குளோரோகுயின் (மலேரியாவுக்குத் தரும் மருந்து, மூட்டு அழற்சியையும் தணிக்கும்) சேர்த்தார்கள். வலி குறைந்தது, போகவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் போர்டில் என் எழுத்து கோணலாவதைப் பார்த்து அமைதியாகிவிட்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்திருப்பேன்.

அந்த வருஷம் ஞானராஜ்தான் டேலியா நட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் செய்தார். சணலுக்குப் பதிலாகப் பட்டறையிலிருந்து கம்பி கொண்டுவந்து தண்டுகளை இழுத்துக் கட்டினார். ஒரு வாரத்தில் பாதித் தண்டுகள் கட்டிய இடத்திலேயே அறுந்து தொங்கின.

"எதுக்கு இவ்வளவு இறுக்குனிய?"

"டூல் ரூம்ல எதையும் இறுக்கித்தான் பழக்கம். இது ஆடணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் சிரித்தோம். அது நல்ல பருவம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்த கோடையில் நான் கர்ப்பமானேன்.

இத்தனை வருஷம் வராதது, உடம்பு இப்படி ஆன பிறகு வந்தது. பயத்தோடு டாக்டர் லிமயேயிடம் போனோம். அவர் மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்தினார். மாத்திரை இல்லாமல் என்ன ஆகப்போகிறேனோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது, நடந்தது நேர்மாறானது. மழைக்காலத்தின் நடுவில், ஒரு நாள் காலையில், எழுந்து நேராகக் குளியலறைக்குப் போய்த் துணி துவைக்க ஆரம்பித்துவிட்டேன். பாதித் துணியைப் பிழிந்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. முறுக்கிப் பிழிந்திருக்கிறேன். வலிக்கவில்லை.

வீக்கம் வடிந்தது. முட்டிகளின் மேல் தோல் சுருங்கி, எலும்பு தெரிந்தது. என் பழைய கைகள் திரும்பி வந்துவிட்டன.

டாக்டர் லிமயே விரல்களை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை.

"கர்ப்பத்தில் பலருக்கு இப்படி ஆகும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் நோய் திரும்பி வரலாம். முன்னைவிட வேகமாகவும் வரலாம். அப்போது கையில் குழந்தை இருக்கும். வீட்டில் யாரையாவது துணைக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்."

"வரலாம்" என்று அவர் சொன்னதில் "வராமலும் போகலாம்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அந்தப் பருவத்தைப் பற்றி என்ன எழுதுவது? தளிர் வெட்டியது நான். பாத்தி கொத்த மட்டும் ஞானராஜ். மிச்சம் எல்லாம் என் கை. வயிறு பெரிதாகப் பெரிதாகக் குனிய முடியவில்லை. ஒரு சின்ன மணையில் உட்கார்ந்து செடிக்குச் செடி நகர்ந்து போவேன். மஞ்சள், வெள்ளை, ஊதா, நுனி மட்டும் வெளுத்த சிவப்பு. ஒவ்வொரு செடியிலும் மொட்டைக் கிள்ளும்போது 'டக்' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே கிள்ளுவேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் தமிழ்ச் சபையின் பலிபீடத்தை என் டேலியாக்களால் அலங்கரித்தார்கள். வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனையில் ஆயர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று, கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்தார் என்று சொன்னேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பல பெண்கள் அழுதார்கள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் தங்கை ஜெபா ஊரிலிருந்து வந்திருந்தாள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "அக்கா, ஒரு வருஷம் நான் இங்கயே இருக்கேன். பிள்ள பொறந்து ஒரு நிலைக்கு வரட்டும். அத்தான் கூட சொன்னாங்க."

"எதுக்குட்டி? நான் நல்லாத்தான இருக்கேன். நீ போயி உன் வேலையப் பாரு."

"டாக்டர் ஏதோ சொன்னாருன்னு அத்தான்..."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் பொங்கலுக்கு முன் ஊருக்குப் போனாள். சீக்கிரமே ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை கிடைத்துச் சேர்ந்தாள். அதன் பிறகு அவளால் வர முடியவில்லை.

ஜனவரியில் மலர்க் கண்காட்சிக்கு மூன்று பூக்கள் கொண்டுபோனேன். வெள்ளைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நிறைமாத வயிற்றோடு அந்தப் பூவுக்குப் பக்கத்தில் நின்றேன். வருபவர்கள் பூவையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். என் வாழ்நாளில் உடம்பு முழுவதும் எனக்கே சொந்தமாக இருந்த நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

பிப்ரவரியில் ரூத் பிறந்தாள். அவளை இரண்டு மாதம் தூக்கினேன்.

பிறகு திரும்பி வந்தது. முதலில் நாப்கின் ஊக்கு. அதைத் திறக்க வரவில்லை. முடிச்சுப் போட்டுச் சமாளித்தேன். அடுத்து மணிக்கட்டு. அடுத்து தோள். முன்பு மாதக் கணக்கில் பரவியது இந்தத் தடவை ஓரிரு வாரத்தில் பரவியது. ஒரு காலையில் பால் கொடுக்கத் தூக்கும்போது ரூத் என் முன்னங்கையிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்தாள். அடிபடவில்லை. அவள் அழக்கூட இல்லை. வாசலில் நின்ற ஞானராஜ் பார்த்துவிட்டார். உள்ளே வந்து அவளை எடுத்து என் பக்கத்தில் படுக்கவைத்து, அவள் வாயை என் மார்போடு பொருத்திவிட்டு, பால் குடித்து முடிக்கும்வரை அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். அன்று அவர் வேலைக்குத் தாமதமாகப் போனார்.

டாக்டர் லிமயே, "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தங்க ஊசி (தங்க உப்பைக் கரைத்துத் தசையில் போடும் மருந்து) ஆரம்பிக்க வேண்டும் என்றார். வாரம் ஒரு ஊசி, ஒவ்வொரு முறையும் சிறுநீர்ச் சோதனை. தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார். மருந்து பாலில் கலக்கும்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"பகலில் இவள் மட்டும்தான்" என்றார் ஞானராஜ்.

சுவருக்கு அந்தப் பக்கம் சுமன் வஹினி குடியிருந்தாள் (வஹினி என்றால் மராத்தியில் அண்ணி, இங்கே பக்கத்து வீட்டுப் பெண்களை அப்படிக் கூப்பிடுவோம்). அவளுடைய இரண்டு பையன்களும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். நாங்கள் கேட்கவில்லை. அவளே வந்து தொட்டிலோடு குழந்தையைத் தூக்கினாள். என்னை அவள் பாயி என்றுதான் கூப்பிடுவாள் (மராத்தியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்).

"பாயி, நீ படு. பகல்லே என்கிட்டே இருக்கட்டும். சாயங்காலம் அண்ணா வந்ததும் தூக்கிக்கட்டும். ஒரு சுவர்தானே."

ஒரு சுவர்தான். அந்தச் சுவர் வழியாக எல்லாமே கேட்கும். குளிப்பாட்டும் சத்தம், அவள் பாடும் மராத்தித் தாலாட்டு, ரூத் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தது. எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. படுக்கையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் டேலியாக் கிழங்குகளை யாரும் தோண்டவில்லை. செடிகள் காய்ந்து நின்றன. ஞானராஜுக்கு மருந்து, பால்புட்டி, பட்டறை என்று ஓடவே நேரம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மழை பிடித்துப் பல நாள் கழித்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். கையில் கொழகொழவென்று வந்தது. நாற்றம் ஜன்னல் வரை வந்தது. பரிசு வாங்கிய வெள்ளையும் அதில் போனது. அந்த ரகத்தை அப்புறம் எங்கேயும் நான் பார்க்கவில்லை.

சபைக்குப் போவதையும் விட்டேன். சாட்சி சொன்ன வாயோடும் மடங்கிய கையோடும் அங்கே போய் உட்கார முடியவில்லை. பார்க்க வந்த ஒரு அம்மா, "விசுவாசத்துல எங்கயாவது சறுக்கிட்டியோம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் பதில் தேடியே பல மாதங்களைக் கழித்தேன்.

ரூத்துக்குப் பேச்சு வந்தபோது ஒரு மாலை வஹினி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். ரூத் அவள் கன்னத்தைத் திருப்பி, "ஆயி" என்றாள் (மராத்தியில் அம்மா).

வஹினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் காக்கு. ஆயி அதோ, அங்கே" என்று என்னைக் காட்டினாள் (காக்கு என்றால் மராத்தியில் சித்தி). ரூத் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் அவளைப் பார்த்து "ஆயி" என்றாள்.

"பாயி, நான் சொல்லிக் கொடுக்கலை. என் பசங்க கூப்பிடறதைக் கேட்டு..."

"தெரியும் வஹினி. கூப்பிடட்டும்."

அப்படித்தான் அவளுக்கு ஓர் ஆயியும் ஓர் அம்மாவும் ஆனார்கள். அவளுக்கு அதில் குழப்பம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பசித்தால், விழுந்தால், பயந்தால் ஆயி. மற்றபடி அம்மா.

தங்க ஊசி கேட்டது, ஆனால் மெதுவாக. ரூத் நடக்க ஆரம்பித்த காலத்தில் நானும் நடக்க ஆரம்பித்தேன். இரண்டாம் வருஷம் சிறுநீரில் புரதம் வந்ததால் ஊசியை நிறுத்தினார்கள். பிறகு ஸ்டீராய்டு (அழற்சியை வேகமாக அடக்கும் மருந்து, அதிகநாள் எடுத்தால் எலும்பை அரிக்கும்). முகம் நிலா மாதிரி உருண்டது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு சந்தோஷமான பெண்மணி போல இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், ரூத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது என் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தொய்ந்து விழுந்தன. வலி இல்லை. விரலை நிமிர்த்தச் சொன்னால் நிமிரவில்லை. தசைநாண் (தசையை எலும்போடு சேர்க்கும் நார்) மணிக்கட்டில் தேய்ந்து அறுந்திருந்தது. இப்படி ஆனால் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள். அறுந்த நாணைப் பக்கத்து விரலின் நாணோடு சேர்த்துத் தைத்தார்கள். பல வாரம் மாவுக்கட்டு. அதன் பிறகு உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்து, சூடு இருக்கும்போதே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தும் பயிற்சி.

பயிற்சிக்கு ரூத் கூட வருவாள். மெழுகை உரித்து எடுக்கும் வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"துக்தய் கா?" என்று கேட்பாள். பிறகு ஞாபகம் வந்து திருத்திக்கொள்வாள். "வலி... வலிக்குதா அம்மா?"

"இல்ல. எடு."

அவளுக்குத் தமிழ் அவ்வளவுதான். என்னோடு பேசும்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத் தருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டிய வயதில் என்னால் அவள் விரலைப் பிடித்து எழுதவைக்க முடியவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதை அவள் படிக்க மாட்டாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், ரிக்ஷாவில், அவள் கேட்டாள்: "நான் பேபியா இருக்கப்போ நீ என்னைத் தூக்கினியா?"

"தூக்கினேன். ரெண்டு மாசம்."

"அப்புறம்?"

"அப்புறம் கை போச்சு."

அவள் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆயி சொன்னா. எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்" என்றாள்.

தோட்ட வேலையை மறுபடியும் ஆரம்பித்தேன். ஞானராஜ் பட்டறையில் இரும்புச் சட்டம் வெட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை வெல்டிங் செய்து கொண்டுவந்தார். அதன் மேல் தொட்டிகள். பெரிய பூ ரகங்களை விட்டுவிட்டேன். உருண்டையாகச் சின்னச் சின்னதாகப் பூக்கும் ரகம் ஒன்று இருக்கிறது. அதற்கு மொட்டுக் கிள்ள வேண்டாம், குச்சியும் வேண்டாம். பிடி தடித்த கரண்டியால் உள்ளங்கையை வைத்து அழுத்தி மண் அள்ளுகிறேன். குவளையால் அல்ல, முழங்கையில் மாட்டும் வாளியால் தண்ணீர் ஊற்றுகிறேன். என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன், எதையும் முழுதாக விட வேண்டாம். ஆனால் நீங்கள் திரும்பப் பெறுவது நீங்கள் இழந்ததாக இருக்காது. அந்தச் சின்னப் பூக்கள் அழகாகத்தான் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியவற்றின் ஞாபகம் வருகிறது.

அந்த வலியில்லாத மாதங்களைத் தோட்டத்தில் கழித்தேன் என்று எனக்கு வருத்தம் இல்லை. அவை முடியும் என்று சொன்ன ஒருவரை நம்பாததற்கு வருத்தம். ஜெபா இருந்திருந்தால் ரூத் சுவருக்கு இந்தப் பக்கம் வளர்ந்திருப்பாள். என் கண் முன்னால் சிரித்திருப்பாள். வஹினிக்கு நான் பட்டிருக்கும் கடன் தீராதது. ஆனாலும் இந்த வருத்தம் போகவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. உங்களுக்கு நல்ல மாதங்கள் வந்தால் சந்தோஷமாக இருங்கள். கூடவே, ஒரு ஆளையும் வரச் சொல்லிவிடுங்கள்.

போன வருஷம் வஹினி குடும்பம் ஔந்தில் ஒரு ஃப்ளாட் வாங்கிப் போனது. ரூத் சாப்பிடாமல் அழுதாள். இப்போது சனிக்கிழமை அங்கே போய் ஞாயிறு மதியம் திரும்புகிறாள். எனக்கும் ஒரு புது மருந்து வந்திருக்கிறது. புற்றுநோய்க்குத் தருவதை மிகச் சிறிய அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள். காலை இறுக்கம் குறைந்திருக்கிறது.

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிறு, ரூத் ஔந்திலிருந்து வந்ததும் தொட்டிகளைக் கவிழ்த்துக் கிழங்கு எடுத்தோம். என்னால் பிரிக்க முடியாது. அவள் கத்தியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தண்டு அடியில கண்ணு இருக்கும். ஒவ்வொரு துண்டுலயும் ஒரு கண்ணு வரணும். பாத்து வெட்டு."

"டோளா?" என்றாள். மராத்தியில் கண்.

"ஆமா. அதுதான்."

வெட்டி முடித்ததும் கை கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஔந்தில் என்ன சாப்பிட்டாள், வஹினி வீட்டுப் பெரிய அண்ணன் என்ன சொன்னான் என்று பாதி மராத்தியில் சொல்லிக்கொண்டே வந்தவள், அப்படியே சரிந்து என் வலது கைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண். தலை கனமாகத்தான் இருந்தது.

மணிக்கட்டில் முதலில் சூடு பரவியது. பிறகு வலி. ஞானராஜ் உள்ளே வந்து பார்த்து, "அவள நகத்தட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

நாளைக் காலை இந்தக் கை எனக்கு உதவாது என்று தெரியும். மதியம் வரையும் உதவாமல் போகலாம். என் நாட்கள் இப்போது அப்படித்தான். மறுநாளின் காலையிலிருந்து எடுத்துத்தான் இன்றைய மாலைக்குக் கொடுக்கிறேன். முன்பு அது எனக்குப் பயமாக இருந்தது. அன்று கையை அசைக்காமல், அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு, அவளாக எழும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.